தொங்கு மோட்டர் வாங்கும்போதும் ஓட்டும்போதும் நான் கற்றுக்கொண்டவை

என் மேசை லாச்சிக்குள் ஒரு நெருப்புப்பெட்டி கிடக்கிறது. அதற்குள் ஒரு மரகதத்தைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டாக உடைந்த கல். கல்முனையில் மாமாவிடம் ஒன்பது வருடம் நகைத்தொழில் பழகிவிட்டு, மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டு விறாந்தையை மறைத்துச் சொந்தப் பட்டறை போட்ட முதல் வருடம் அது நடந்தது.

ஒரு அம்மா தன் மகனுடைய நவரத்தின மோதிரத்தைக் கொண்டுவந்தார். ஒரு கல் விழுந்துவிட்டது. அந்த இடத்துக்குச் சற்றே பெரிய கல் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கல்லைப் பிடிக்கும் நகங்களின் உட்பக்கத்தில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் புதுக்கல் உட்கார்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை. கொழும்பிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்திருந்த தொங்கு மோட்டரை, அதாவது வெட்டும் கருவிகளைக் கரண்டில் சுழற்றும் மெசினை, எடுத்தேன். பெடலை மெல்ல அழுத்தினேன், ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், உறுமியதே தவிர ஓடவில்லை. அதற்கு மேல் ஒரு மயிரிழைதான் அழுத்தியிருப்பேன், ஒரேயடியாகப் பாய்ந்து ஓடியது. நுனியில் மாட்டியிருந்த பர், அதாவது சுழன்று வெட்டும் பல்லுள்ள சின்னக் கருவி, நகத்தைத் தாண்டிப் பக்கத்து மரகதத்தில் போய் இடித்தது. உருக்குப் பர் மரகதத்தைக் கீறாது. ஆனால் மரகதத்துக்குள் இயல்பாகவே நுண்ணிய வெடிப்புகள் ஓடும். ஒரு இடி போதும், அந்த வழியே பிளந்துவிடும்.

அந்த அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போய் அதே நிறத்தில், அதே அளவில் ஒரு கல் தேடி வாங்கிப் பதித்துக் கொடுத்தேன். இரண்டு மாதக் கூலி போனது. காசைவிட, ஒரு வீட்டார் நம்பித் தந்த கல்லை உடைத்துவிட்டேன் என்பதுதான் நெடுநாள் நெஞ்சில் கிடந்தது. தொங்கு மோட்டர் வாங்கப்போகிறேன் என்று யாராவது வந்து கேட்டால் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

இந்த மெசினைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டர் தலைக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கும். அதிலிருந்து கறுப்பு உறை போட்ட, வளைந்து கொடுக்கும் தண்டு ஒன்று இறங்கும். அந்த உறைக்குள் உருக்குக் கம்பிகளை இறுக்கமாகச் சுற்றிச் செய்த அச்சு சுழலும். நுனியில் பேனாவைப் போலப் பிடிக்கிற கைப்பிடி, அதாவது ஹேண்ட்பீஸ். காலடியில் பெடல். கைப்பிடியின் வாயில் துளைக்கும் ஊசி, வெட்டும் பர், தேய்க்கும் சில்லு, மெருகு போடும் பிரஷ் என எதையும் மாட்டலாம். இவற்றில் பெரும்பாலானவற்றின் காம்பு 2.35 மில்லிமீற்றர். பல்வைத்தியர்கள் நேர்க் கைப்பிடியில் போடும் பருக்கும் இதே காம்புதான். அதனால் நகைக்கடைச் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்காத சில பர்களைப் பல் வைத்தியச் சாமான் விற்கும் கடையில் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாயில் பல்லைக் கடையும் அதிவேக மெசினின் பருக்குக் காம்பு 1.6 மில்லிமீற்றர். அது நம்முடைய கைப்பிடியில் நிற்காது, மாறி வாங்கிவிட வேண்டாம்.

சரி, நான் ஏன் அந்த முதல் மோட்டரை வாங்கினேன்? பெட்டியில் போட்டிருந்த சுழற்சி எண்ணைப் பார்த்துத்தான். நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் சுற்று என்று பெரிதாக அடித்திருந்தது. கூட ஓடினால் கூட நல்லது என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த மெசினோடு இருந்த பிறகு சொல்கிறேன், கல் பதிக்கிறவன் ஒரு நாளில் தொண்ணூறு வீதம் செய்வது மெதுவான வேலை. ஒரு மெசின் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதல்ல, எவ்வளவு மெதுவாக ஓடும், அப்படி மெதுவாக ஓடும்போது பரைத் தங்கத்தில் வைத்தால் நின்றுவிடாமல் இழுக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. அமெரிக்காவின் ஃபோர்டம் நிறுவனம் 1922இலிருந்து இந்த மெசினைச் செய்கிறது. உலகமெங்கும் பட்டறைகளில் தொங்கும் அவர்களுடைய எஸ்ஆர் மோட்டரின் உச்ச வேகம் 18,000 சுற்று. அவர்களே மெதுவேகத்துக்கென்று எல்எக்ஸ் என்று ஒன்று செய்கிறார்கள், அது 5,000 சுற்றுத்தான். விலை குறைந்ததல்ல, ஆனாலும் கல் பதிப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

கடைக்குப் போனால் நான் செய்து பார்ப்பது இது. பிளக்கை மாட்டச் சொல்லி, மோட்டரை யாராவது ஒருவர் உயர்த்திப் பிடிக்க, பெடலைக் கீழே வைத்து மெல்ல மிதித்துப் பார்ப்பேன். கைப்பிடியின் வாய் சுழல்வதைக் கண்ணால் தொடர முடிகிற வேகத்தில் அது ஓடத் தொடங்க வேண்டும். அந்த வேகத்திலேயே ஒரு நிமிடம் காலை வைத்திருப்பேன். விட்டு விட்டு ஓடக்கூடாது. பிறகு, கையுறை இல்லாத விரலால், பர் எதுவும் மாட்டாத வாயை மெதுவாகப் பிடித்துப் பார்ப்பேன். லேசாகப் பிடித்ததற்கே நின்றுவிட்டால் அந்த மோட்டர் எனக்கு வேண்டாம். பல நேரம் பிழை மோட்டரில் இருக்காது, பெடலில் இருக்கும். கார்பன் தகடுகளை நெருக்கி ஓடும் பழைய வகைப் பெடல் சூடாகும், மெதுவேகத்தில் தடுமாறும். எலெக்ட்ரோனிக் பெடல் அடியிலிருந்தே சீராக ஏறும். காசு கட்டுப்படாவிட்டால் சாதாரண மோட்டரும் நல்ல பெடலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பெடலின் உடல் இரும்பாக இருந்தால் இன்னும் நல்லது, மிதிக்கும்போது வழுக்கி ஓடாது.

கனடாவிலிருந்து வந்த மோட்டரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள்தான் நல்ல மெசின் கொண்டுவந்து தருவார்கள். சின்னம்மாவின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். ஒரு வருடம் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கென்று ஒரு தொங்கு மோட்டர் சுமந்துவந்தான். அவ்வளவு வடிவான சாமான். பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் முனையை மாற்றும் ஒரு அடப்டரைப் போட்டு நேரே பிளக்கில் சொருகிவிட்டேன். கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அடப்டர் முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பத்து விநாடி பேய்வேகத்தில் ஓடி, புகை வந்து நின்றது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் வாடிப்போனது.

கல்லடிப் பாலம் தாண்டி ரவுணுக்குக் கொண்டுபோய், மோட்டருக்குக் கம்பி சுற்றும் ஒருவரிடம் ஆர்மெச்சரை, அதாவது உள்ளே சுழலும் பகுதியை, சுற்றுவித்தேன். நல்ல கைகாரர். பழையபடி 120 வோல்ட்டுக்கே சுற்றித் தந்துவிட்டு, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கிப் போடச் சொன்னார். அளவு பார்க்கும் விதத்தையும் அவரே சொல்லித் தந்தார். மெசின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வரும் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமர் வாங்க வேண்டும். பிளக்கிலிருந்து முதலில் ட்ரான்ஸ்போமர், அதன் பிறகு பெடல், அதன் பிறகு மோட்டர். பெடலுக்கும் மோட்டருக்கும் நடுவில் ட்ரான்ஸ்போமரைப் போடக்கூடாது. நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அங்கே 60 என்று சிலர் பயப்படுவார்கள். இந்த மோட்டர்கள் கார்பன் பிரஷில், அதாவது சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டில், ஓடுகிறவை, அந்த வித்தியாசம் இவற்றைப் பாதிக்காது. வோல்ட் சரியாக இருந்தால் போதும்.

கைப்பிடிக்கு வருகிறேன். மோட்டருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாங்கள் கைப்பிடிக்குக் கொடுப்பதில்லை, நாள் முழுக்கக் கையில் இருப்பது அதுதான். இரண்டு வகை வேண்டும். ஒன்று, மூன்று தாடையுள்ள, சாவி போட்டு இறுக்கும் வகை. ஃபோர்டம் கணக்கில் 30ஆம் நம்பர். நூல் போன்ற துளை ஊசியிலிருந்து 4 மில்லிமீற்றர் காம்பு வரை எதையும் பிடிக்கும். மற்றது, நெம்பைத் தூக்கினால் வாய் திறந்து, தாழ்த்தினால் பிடிக்கும் வகை. அது 2.35 காம்பை மட்டும்தான் ஏற்கும், ஆனால் ஒரு மோதிரத்தில் முப்பது தடவை பர் மாற்ற வேண்டியிருக்கும்போது அதன் அருமை தெரியும். சாவி போடும் கைப்பிடியில் மூன்று ஓட்டை இருக்கும். ஒன்றில் மட்டும் சாவியைப் போட்டு முறுக்கிவிட்டு ஓட்டினால் ஊசி நடுவில் நிற்காது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனையோ ஊசி முறிந்த பிறகு நானே கண்டது.

கைப்பிடி நல்லதா என்று பார்ப்பது சுலபம். ஒரு மில்லிமீற்றர் துளை ஊசியை மாட்டி மெதுவாக ஓட்டி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து நுனியைப் பாருங்கள். ஒற்றை நுனியாகத் தெரிந்தால் சரி. இரண்டு நுனி போலத் தெரிந்தால், உள்ளே அச்சு ஆடுகிறது. முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள், வளைந்த ஊசியாகவும் இருக்கலாம். ஊசி நேராக இருந்தும் ஆடினால் அந்தக் கைப்பிடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆடுகிற கைப்பிடி ஊசியை முறிக்கும், துளையைப் பெரிதாக்கும், பரின் பல்லை ஒரு பக்கம் மட்டும் தேய்க்கும். சுத்தியல் போலத் தட்டும் கைப்பிடியும் உண்டு. கல்லைச் சுற்றித் தகட்டை மடிப்பதற்கு அருமையான சாமான். ஆனால் அதை 5,000க்கு மேல் ஓட்டக்கூடாது, உள்ளே இருப்பது சிதைந்துவிடும்.

இனி உட்காரும் விதம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

மாமா தரையில் சாக்கு விரித்து, சம்மணம் கட்டி, முன்னால் பட்டடையும் உமி நெருப்புச் சட்டியும் வைத்து வேலை செய்தவர். நானும் அப்படித்தான் பழகினேன். அந்த இருப்பில் அரமும் ஊதுகுழலும் பிடிக்கலாம், ஆனால் பெடலை எப்படி மிதிப்பது? முதல் மாதங்களில் ஒரு காலை நீட்டி, பெருவிரலால் அழுத்தினேன். குதிகாலுக்கு ஆதாரம் இல்லாத கால் நடுங்கும். நடுக்கம் அப்படியே வேகத்தில் தெரியும். மரகதம் உடைந்ததற்கு மோட்டர் பாதிக் காரணம் என்றால், நான் உட்கார்ந்திருந்த விதம் மறுபாதி. பிறகு ஒரு தச்சரைக் கொண்டு மேசை செய்வித்தேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மேசை விளிம்பு நெஞ்சு மட்டத்துக்கு வரும், நடுவில் அரைவட்டமாக வெட்டு, வெட்டுக்குக் கீழே பொடி விழத் தோல். அந்த உயரத்தில் முழங்கை இரண்டும் மேசையில் தாங்கும், முதுகு வளையாது. குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதத்தின் முன்பக்கம் மட்டும் பெடலில் இருக்கும். செருப்பில்லாத கால் எனக்கு நல்லது, அழுத்தம் எவ்வளவு என்று தோலே சொல்லும். அப்படி உட்காரத் தொடங்கிய வாரமே என் வேலை மாறியது.

மோட்டரை எங்கே தொங்கவிடுவது என்பதும் இதோடு சேர்ந்தது. கைப்பிடியை விட்டுவிட்டால் அது மேசை மட்டத்துக்கு வந்து அமைதியாகத் தொங்க வேண்டும். வேலை செய்யும்போது தண்டு பெரிய வளைவாக வளைய வேண்டும். வளைவு இறுகினால் உள்ளே அச்சு உறையோடு உரசும், உறை சூடாகும். கையால் தொட்டுப் பாருங்கள், ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கேதான் முறியப்போகிறது. மோட்டர் கொக்கியில் சுதந்திரமாக ஆடவும் வேண்டும். அதை ஆணி அடித்து இறுக்கிவிட்டால் கையைத் திருப்பும்போதெல்லாம் தண்டு எதிர்த்து இழுக்கும், மாலையில் மணிக்கட்டு வலிக்கும்.

2021 கடைசியில் அக்காவின் மகள் கல் பதிக்கப் பழக வந்தாள். முதல் இரண்டு கிழமை அவளுக்குத் தங்கம் கொடுக்கவில்லை. செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, 1 மில்லிமீற்றர் உருண்டைப் பரால் அந்தக் கோட்டின் மேலேயே போகச் சொன்னேன். பர் தன்பாட்டில் ஓடும், அதை நேராக வைத்திருப்பது லேசில்லை. பர் சுழலும் பக்கத்துக்கே இழுபடும். அதனால் இழுக்கும் திசைக்கு எதிராக மெல்லத் தள்ளி வெட்டினால்தான் அது கையில் நிற்கும். "மறுகா என்ன மாமா?" என்று ஒவ்வொரு தகடு முடியவும் கேட்பாள். "இன்னொரு தகடு, மகள்" என்பேன்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது சத்தம். மாமா எனக்குச் சொன்னதையே சொன்னேன்: "சத்தத்தக் கேளு. கத்துதெண்டா எடு." பர் நன்றாக வெட்டும்போது ஒரு தாழ்ந்த முணுமுணுப்பு வரும், சுருள் சுருளாகத் தங்கம் உதிரும். கீச்சென்று கத்தினால் வேகம் கூடிவிட்டது, அல்லது பல் மழுங்கிவிட்டது, அல்லது எண்ணெய் இல்லை. அப்போது அழுத்தவே கூடாது. அழுத்தினால் சூடு ஏறும். சாதாரண உருக்குப் பரின் நுனி நீலம் பாரித்தால் அதன் கதை முடிந்தது. பர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும். 5 மில்லிமீற்றர் பரின் விளிம்பு, அதே சுழற்சியில் 1 மில்லிமீற்றர் பரின் விளிம்பைவிட ஐந்து மடங்கு தூரம் ஓடுகிறது.

இங்கே எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் 14 கரட், 18 கரட் தங்கம். அது கடினமானது, பர் அதில் சுத்தமாக வெட்டும். நாங்கள் செய்வது 22 கரட். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் உள்ள அந்த உலோகம் மெதுமையானது, ஒட்டும் குணமுள்ளது. பரின் பற்களுக்கிடையே பிசினைப் போல அப்பிக்கொள்ளும். அப்பிய பர் வெட்டாது, உருட்டும், பிறகு திடீரென்று ஆழமாகக் கடித்துவிடும். அந்த வீடியோக்களில் காட்டும் வேகத்தை நம் தங்கத்தில் வைத்தால் நகம் போய்விடும். நான் செய்வது, ஒரு தேன்மெழுகுக் கட்டியைப் பக்கத்தில் வைத்து, ஓடும் பரை நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை அதில் தொட்டு எடுப்பது. துளை போடும்போது ஒரு துளி தேங்காய் எண்ணெய். அப்பிக்கொண்டால் பித்தளைப் பிரஷால் துலக்குவேன். துளை போடும் இடத்தில் முதலில் கூரால் ஒரு புள்ளி குத்த வேண்டும், இல்லாவிட்டால் ஊசி வழுக்கி நகையில் கோலம் போட்டுவிடும்.

கல் உட்காரும் பள்ளத்தை, அதாவது இருக்கையை, வெட்டும்போது கல்லின் அளவுப் பரை முதலிலேயே எடுக்காதீர்கள். 4 மில்லிமீற்றர் கல் என்றால் சின்ன உருண்டையால் வழி திறந்து, 3.5 போட்டு, கடைசியில் 4. நகத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும், பாதியைத் தாண்டினால் அந்த நகம் மடிக்கும்போது முறியும். வைரத்தூள் ஒட்டிய பர் கல்லையும் கண்ணாடியையும் தேய்க்கத்தான், அதுவும் தண்ணீரோடு. தங்கத்தில் போட்டால் அப்பிக் கெட்டுவிடும். கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளில் செய்த பர் நெடுநாள் கூராக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் பட்டென்று முறியும்.

பொடி விஷயத்தில் என் அனுபவம் கசப்பானது. அரத்தால் ராவினால் பொடி நேரே தோலில் விழும். மோட்டர் அப்படியல்ல, எல்லாப் பக்கமும் விசிறும். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பட்டறை வெக்கை தாங்காது. நான் யன்னலைத் திறந்து வைத்துத்தான் முதல் வருடம் வேலை செய்தேன். மாதக் கடைசியில் நிறை பார்க்கும்போது கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் பறந்தால் கண்ணுக்குத் தெரியாது. 160 நாளில் அது 8 கிராம், ஒரு பவுண். இப்போது மோட்டர் ஓடும்போது அந்தப் பக்க யன்னல் பூட்டு, மேலே மின்விசிறியும் நிறுத்தம். மேசை வெட்டுக்கு மேல் தெளிந்த பிளாஸ்டிக் தகட்டை வளைத்து மூன்று பக்கமும் மறைப்பு வைத்திருக்கிறேன், உள்ளே வெளிச்சமும் வரும், பொடியும் தங்கும். தோலுக்குக் கீழே தட்டு. தரையில் வெடிப்பு இல்லாமல் சீமெந்து பூசி, சனிக்கிழமை தோறும் கூட்டி, கூட்டியதையும் கை கழுவிய தண்ணீரின் அடியையும் சேர்த்து வைக்கிறோம். வெள்ளி வேலையும் தங்க வேலையும் ஒரே நாளில் ஒரே மேசையில் செய்வதில்லை, பொடி கலந்துவிடும்.

கல்லடி ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக் காற்று இரும்பு எதையும் விடாது. உறைக்குள் இருக்கும் அச்சு துருப்பிடித்து முறிந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மாதம் ஒருமுறை அச்சை உருவி, பழைய கிறீஸைத் துடைத்து, விரலில் தொட்ட அளவு புதுக் கிறீஸ் பூசுவேன். கூடப் பூசினால் அது ஓட்டத்தில் கீழே இறங்கிக் கைப்பிடிக்குள் போய், பேரிங்கைக் கெடுத்து, கல்லிலும் நகையிலும் கறுப்பாக வடியும். கைப்பிடியை மீண்டும் மாட்டும்போது உறைக்கு வெளியே அச்சின் நுனி முக்கால் அங்குலம் அளவில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், குறைந்தால் கைப்பிடியோடு சரியாகப் பூட்டாது. மோட்டரில் தீப்பொறி கூடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. திருகாணி கழற்றி மாற்றக்கூடிய வகையில் இருக்கிறதா, அதே அளவு பிரஷ் நம் ஊரில் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாரி காலத்தில், பூட்டும் நேரத்தில் கைப்பிடிகளையும் பர்களையும் எண்ணெய்ச் சீலையில் துடைத்து, மூடி இறுகிய போத்தலில் அரிசியோடு போட்டு வைப்பேன்.

பாதுகாப்பைப் பற்றி நான் கெஞ்சிக் கேட்பது நாலு. கண்ணாடி போடாமல் ஓட்ட வேண்டாம். வெட்டும் மெல்லிய சில்லு உடைந்தால் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்குக் கன்னத்தில் பட்டது, இரண்டு விரற்கடை மேலே என்றால் கண். மெருகு போடும்போது வாயையும் மூக்கையும் மூட வேண்டும். சங்கிலியை ஒருபோதும் மோட்டரில் மெருகு போடக் கூடாது. சுழலும் பிரஷ் அதைச் சுற்றி இழுத்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். முடி, சால்வை, கழுத்து நூல் எல்லாவற்றையும் முதலில் கட்டிவிட்டு உட்காருங்கள்.

2022 பங்குனியில் கரண்ட் வெட்டு ஏறி ஏறி, மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வேலை கையில், மோட்டர் சும்மா தொங்கியது. மாமாவின் துரப்பணம் என்னிடம்தான் இருக்கிறது. குறுக்குக் கட்டையைக் கீழே அழுத்தினால் கயிறு அவிழ்ந்து கூர் ஒரு பக்கம் சுழலும், விட்டால் திரும்பிச் சுற்றிக்கொள்ளும். அதை எடுத்து அக்காவின் மகளிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் துளை எல்லாவற்றையும் அதில்தான் போட்டாள், இருக்கையை உளியால் வெட்டினாள். ஒரு துளைக்கு மூன்று நிமிடம். ஆனால் உலோகம் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது, எந்த இடத்தில் மறுக்கிறது என்று அவளுடைய உள்ளங்கைக்குத் தெரிந்தது. கரண்ட் சீராகி மறுபடி மோட்டரில் உட்கார்ந்தபோது அவள் கால் முன்போல அவசரப்படவில்லை. நான் செப்புத் தகட்டில் சொல்லிக்கொடுத்ததைவிடத் துரப்பணம் சொல்லிக்கொடுத்தது கூட என்றே நினைக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இப்போது நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

அந்த நேரம் கூட்டாளி ஒருவர் மைக்ரோமோட்டர் வாங்கினார். அதில் மோட்டரே கைப்பிடிக்குள் இருக்கும், கனத்த தண்டு கிடையாது, ஒரு வயர் மட்டும். 35,000 சுற்றுக்கு மேல் ஓடும், அதிர்வு குறைவு, மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் அவர் சின்ன இன்வெர்ட்டரில் ஓட்டி வேலையை முடித்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு மில்லிமீற்றர் கற்களை வரிசையாகப் பதிக்கிறவர் என்றால் அதையே வாங்கலாம், கை களைக்காது. மோதிரத்தின் உட்பக்கம் தேய்ப்பது, தடித்த காப்பில் துளைப்பது போன்ற பார வேலைக்கு அது திணறும். என் பட்டறையில் தாலிக்கொடியும் காப்பும் மோதிரமும் வருகின்றன, கல் வேலை அவற்றுக்கு இடையில்தான். அதனால் எனக்குத் தொங்கு மோட்டர். ஒரு மாதம் உங்கள் கையில் வந்த வேலைகளைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள், எது வேண்டும் என்று அந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிடும்.

அக்காவின் மகளுக்கென்று மேசை போட்டபோது புது மோட்டர் வாங்கவில்லை. சுற்றுவித்த கனடா மோட்டரை ட்ரான்ஸ்போமரோடு கொடுத்தேன், இன்றுவரை நன்றாக ஓடுகிறது. மிச்சக் காசில் நெம்புக் கைப்பிடி ஒன்றும், உருண்டைப் பர் 0.8இலிருந்து 2.3 மில்லிமீற்றர் வரை ஆறும், இருக்கை வெட்டும் பர் எட்டும், துளை ஊசி ஒரு டசினும் வாங்கினோம். நூறு பர் உள்ள மலிவுப் பெட்டியை அவள் கேட்டாள், நான் விடவில்லை. அதில் எண்பதைத் தொடவே மாட்டோம், மிச்சம் இருபதும் ஒரு மாதத்தில் மழுங்கும்.

போன வைகாசியில் ஒரு சோடி ஏழு கல் தோட்டைத் தனியாக எடுத்துச் செய்தாள். பதினாலு வெள்ளைக்கல், எல்லாம் 3 மில்லிமீற்றர், 22 கரட் நகம். நாலு நாள் எடுத்தாள். நான் பக்கத்து மேசையில் ஒரு காப்பை ராவிக்கொண்டு, முதுகைத் திருப்பியபடி, அவளுடைய மோட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஒரு தடவை கீச்சென்றது. நான் திரும்புவதற்குள் அவளே காலை எடுத்து, பரை மெழுகில் தொட்டாள்.